வெற்றுக் கட்டத்தில் ஒரு கோடு

கூரியர்காரர் நீட்டும் தாளில் தெமெனுகா முதலில் கையெழுத்துப் போடுவார். அவருடைய உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கும். நிரப்பாமல் விட்ட கட்டங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, இடது கீழ் மூலையில் பேனாவை ஊன்றி, வலது மேல் மூலைவரை ஒரே இழுப்பில் கோடு போடுவார். கோடு முடியும் இடத்தில் பேனா சற்றே திரும்பி, மீன்முள் மாதிரி ஒரு கொக்கி விழும். கட்டம் சிறியதாக இருந்தால் நடுவில் ஒரு குட்டிக் கோடு, அவ்வளவுதான். இதையெல்லாம் தாளைப் பார்த்துச் செய்வதில்லை. டான்யூப் பாலத்தில் இன்றைக்கு லாரிகள் எதுவரை நிற்கின்றன என்று கூரியர்காரரை விசாரித்துக்கொண்டே செய்வார்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் எல்லோர் கையிலும் இந்தப் பழக்கம் கொஞ்சம் உண்டு. காலியாக விட்ட இடத்தில் பின்னால் எவனாவது எதையாவது எழுதிவிடுவான் என்பது ஒரு பொதுவான நம்பிக்கை. தெமெனுகாவிடம் அது சற்றுக் கூடுதல், ஏனென்றால் அவருடைய அம்மா நோட்டரி அலுவலகத்தில் தட்டச்சு செய்தவர். "விட்டா தாளோட பின்பக்கத்தையும் அடிச்சிடுவா" என்பார் எங்கள் முதலாளி ரஷ்கோ.

டான்யூப் கரையிலுள்ள ருசே நகரில், துறைமுகத்துக்கு இறங்கும் தெருவில், டயர் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். ரஷ்கோ, தெமெனுகா, ஸ்விலென், நான். சர்வரை நடத்தத் தெரியாதவர்களும் சர்வர் நடத்தும்படி ஒரு கருவி எங்களிடம் இருந்தது. உலாவியில் ஒரு பக்கம் திறக்கும். அதில் கட்டங்களை நிரப்பினால் மின்னஞ்சல் பெட்டி உருவாகும், கடவுச்சொல் மாறும், இரவுதோறும் காப்புப் பிரதி எடுக்கப்படும். அதை முதலில் எழுதியவர் ஜெர்மனிக்குப் போய்விட்டார். போகும்போது ஒரு வரி விளக்கம்கூட வைக்கவில்லை. பழச்சாறு ஆலையின் கணக்குப் பிரிவிலிருந்து வந்து சேர்ந்த தெமெனுகா அதைக் கையில் எடுத்தார். தனக்குப் பிறக்காத பிள்ளையை வளர்க்கிறவர்களுக்கு இருக்கும் கறார் அவருக்கு அதன்மேல் இருந்தது.

நாற்பத்தேழு வயது. உயரம். குளிர்காலம் முடிந்த பிறகும் கணவரின் கம்பளிச் சட்டையைத்தான் போட்டிருப்பார். கணவர் கிராஸ்தான் இழுவைப் படகில் வேலை பார்த்தார். நதியோடு மேலே போவார், திரும்புவார். படகின் ஊதல் கேட்டால் தெமெனுகா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே "வந்துட்டான்" என்பார். காரை வேகமாக ஓட்டுவார், மோசமாக நிறுத்துவார். வரி அலுவலகத்தில் சண்டை போட்டு ஜெயித்துவிட்டு வருவார். தோற்றால், தப்பு என்னுடையது என்று ஹோட்டலில் பில் கேட்கிற குரலில் அறிவித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். தப்பை ஒப்புக்கொள்வதில் இத்தனை தெம்பு காட்டிய வேறு ஆளை நான் பார்த்ததில்லை.

எங்கள் பெரிய வாடிக்கையாளர் மாவட்டத்தின் வாசகசாலைகள். ஒவ்வொரு ஊரிலும் ஒன்று உண்டு. புத்தகம், நடனம், நாடகம், சதுரங்கம் எல்லாம் அங்கேதான். மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன சர்வர் இருக்கும், அதன்மேல் பெரும்பாலும் யாருடைய தொப்பியாவது இருக்கும். அந்த வருடம் வாசகசாலைகளின் ஒன்றியம் எல்லா சர்வர்களையும் புதிய இயங்குதளத்துக்கு மாற்றச் சொன்னது. மாற்றினோம். மறுநாளே எங்கள் கருவி புலம்ப ஆரம்பித்தது.

நிரலில் மாறி என்பது பெயர் ஒட்டிய டப்பா. உப்பு என்று எழுதிய டப்பாவைத் திறக்கிறீர்கள், உள்ளே யாரும் இதுவரை எதுவுமே போடவில்லை. பழைய தளத்தில் கருவி பேசாமல் வெறும் கையைச் சட்டிக்குள் உதறிவிட்டுச் சமைத்துக்கொண்டிருந்தது. புதிய தளம் ஒவ்வொரு முறையும் ஓர் எச்சரிக்கை எழுதியது: இந்த மாறிக்கு மதிப்பே தரப்படவில்லை. யாராவது ஒரு பக்கத்தைத் திறந்தால் பத்திருபது வரி. பதிவுக் கோப்பு பெருத்து வட்டு நிறைந்து, இரண்டு வாசகசாலைகளில் அஞ்சல் நின்றுபோனது.

ஒன்றியத்தில் கணினிகளுக்குப் பொறுப்பு இஞ்சினியர் பெய்கொவ். இஸ்திரி போட்ட கைக்குட்டை வைத்திருக்கிற மனிதர். அவர் பதிவுக் கோப்பை அச்செடுத்து ரஷ்கோவின் மேசையில் கட்டாக வைத்துவிட்டு, இப்படி ஓயாமல் முணுமுணுக்கிற இயந்திரத்தை நம்ப முடியாது என்றார். புதிய பதிப்பை, ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால் வரும் மலர் ஞாயிற்றுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஒரு வாசகசாலையில் வைத்து அவர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். பதிவு சுத்தமாக இருந்தால் தொடரலாம். இல்லையென்றால் எல்லாவற்றையும் ஒரு வெளிநாட்டுச் சேவைக்கு மாற்றிவிடுவார்கள். ரஷ்கோ கணக்குப் பார்த்தார். வாசகசாலைகள் போனால் கருவியை மூடிவிட வேண்டியதுதான். தெமெனுகாவுக்குத் தொலைபேசி நாற்காலி, கடவுச்சொல் மறந்தவர்களுக்கு ஆறுதல் சொல்லும் இடம். அதைக் கேட்டுவிட்டு தெமெனுகா ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"கருவி போச்சுன்னா நானும் போறேன்."

குரலில் மிரட்டல் இல்லை. பேருந்து நேரம் சொல்வது போலிருந்தது. அதனால்தான் நாங்கள் நம்பினோம்.

ஸ்விலெனுக்கு வழி கையில் தயாராக இருந்தது.

"அக்கா, மேல ஒரே ஒரு வரி எழுதினாப் போதும், மொத்தமா வாயை மூடிக்கும். மத்தியானமே வீட்டுக்குப் போயிடலாம்."

"உன் வண்டில ஆயில் குறைஞ்சு சிவப்பு லைட் எரிஞ்சா மேல ஸ்டிக்கர் ஒட்டுவியா?"

"ஒட்டித்தானே வெச்சிருக்கேன்," என்றான். அது உண்மை. அவன் காரில் ஏறியவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம், ஒரு கால்பந்து சங்கத்தின் ஒட்டுவில்லை.

அந்த ஒரு வரி கூடாது என்று ஆனதும், அவன் இரண்டாவது வழிக்குப் போனான். மதிப்பில்லாத மாறி எங்கே இருந்தாலும் ஒரு பூஜ்யத்தை வைத்துவிடுவது. அதைச் செய்ய ஒரு சின்ன நிரலும் எழுதினான். மாலைக்குள் பதிவு வெள்ளையாக இருந்தது. ரஷ்கோ வந்து பார்த்துவிட்டு அவன் தோளைத் தட்டினார். தெமெனுகா அதை அலுவலகத்தின் சோதனை இயந்திரத்தில் ஏற்றச் சொன்னார்.

மறுநாள் காலை சோதனை இயந்திரத்தில் பழைய காப்புப் பிரதி ஒன்றுகூட இல்லை.

தெமெனுகா காபியோடு வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் காரணத்தைக் கண்டுபிடித்தார். எத்தனை நாளுக்கு மேற்பட்ட பிரதிகளை அழிக்கலாம் என்று கேட்கிற மாறி அது. யாரும் எதுவும் சொல்லாவிட்டால் கருவி அழிக்கிற பக்கமே போகாது. பூஜ்யம் வைத்ததும் போனது. பூஜ்ய நாளுக்கு மேற்பட்டது என்றால் இருப்பதெல்லாம்தான். ஸ்விலெனின் முகம் தயிர் மாதிரி ஆகிவிட்டது. தெமெனுகா திட்டவில்லை, இதற்குத்தானே சோதனை இயந்திரம் வைத்திருக்கிறோம் என்று நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சொல்லவே இல்லைங்கறது வேற, ஒண்ணுமில்லைன்னு சொன்னது வேற. கிராஸ்தான் ஃபோன் பண்ணலைன்னா டவர் கிடைக்காத வளைவுல இருக்கான்னு அர்த்தம். அவனே ஃபோன் பண்ணி ஒண்ணுமில்லைன்னு சொன்னான்னா, படகுல ஏதோ உடைஞ்சிருக்குன்னு அர்த்தம்."

அதன்பிறகு அவர் வேலை செய்த விதம் எங்கள் யாருக்கும் பழக்கமில்லாதது. எச்சரிக்கையை அவர் பிழையாகப் பார்க்கவில்லை, யாரோ கேட்டுவிட்டுப் பதில் வராமல் நிற்கிற கேள்வியாகப் பார்த்தார். இந்தக் கட்டத்தைக் காலியாக விடுகிறவர் யார், விடும்போது அவர் என்ன நினைத்திருப்பார்? தெரிந்தால் எழுதுவார். தெரியாவிட்டால் கேட்பார். அஞ்சல் பெட்டிக்கு அளவு சொல்லாதவர் கட்டுப்பாடு வேண்டாம் என்று நினைத்தாரா, வழக்கமான அளவு போதும் என்று நினைத்தாரா? பெர்கொவோ கிராமத்து வாசகசாலைச் செயலாளர் ஸ்தாம்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் அளவு என்று ஒன்று இருப்பதையே அன்றுதான் கேள்விப்பட்டதாகச் சொன்னார். அப்படியானால் வழக்கமான அளவு. அடுத்தது. சில மாறிகளுக்கு வெறுமை சரி, சிலவற்றுக்கு ஒன்று என்ற எண், சிலவற்றுக்குக் கருவி நின்று கேட்டாக வேண்டும். கவிதையில் விடுகிற வெற்று வரியை அச்சகக்காரர் நிரப்பிவிட்டால் என்ன ஆகும் என்று, ஓய்வில் கவிதை எழுதுகிற எனக்குத் தெரியும். ஆனால் சர்வரில் அப்படி ஒரு வரி இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

இரண்டாம் நாளே ஸ்விலெனும் அதில் இறங்கிவிட்டான். அவனுக்குத் தொலைபேசியில் செயலாளர்களைச் சிரிக்கவைக்க வந்தது. எங்களுக்கு ஊர் ஊராகப் பதில்கள் வந்தன, கூடவே யார் வீட்டு ஆடு ஈன்றது என்பதும்.

நாட்களைக் கேட்கிற அந்த மாறிதான் கடைசியாக நின்றது. ஒன்றியம் கேட்டிருந்ததால், புதிய பதிப்பில் அதற்கு முதல்முறையாக உலாவிப் பக்கத்திலேயே ஒரு கட்டம் வந்திருந்தது. காலியாக விட்டால் எதையும் அழிக்காதே என்று எழுதினார். எண் கொடுத்தால் அதன்படி செய். அதோடு முடிந்தது என்று ஸ்விலென் நினைத்தான். அவர் இன்னொன்றையும் சேர்த்தார். எண்ணாக இல்லாத எதுவாவது வந்தால் எதையும் தொடாமல் நில், பதிவில் ஒரு வரி எழுது.

எண் கேட்கிற கட்டத்தில் எவன் வந்து எழுத்தைப் போடப்போகிறான் என்று ஸ்விலென் கேட்டான். ரஷ்கோவுக்கு வேறு கவலை. வெள்ளிக்கிழமை பெய்கொவ் எதிரில் ஏதாவது ஒரு வரி வந்து தொலைத்தால்? அந்த இடத்தில் மட்டும் சத்தம் வராமல் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும்படி மாற்றிவிடு என்றார். யார் என்ன எழுதுவார்கள் என்று தெமெனுகாவாலும் சொல்ல முடியவில்லை. ஆனால் எடுக்கவும் மாட்டேன் என்றார்.

"அந்த வரி வந்தா நான் பதில் சொல்றேன் தலைவரே. நீங்க பனிட்சா சாப்பிட்டுட்டு இருங்க."

வெள்ளிக்கிழமை நான்கு பேரும் தெமெனுகாவின் காரில் பெர்கொவோ போனோம். மறுநாள் லாசர் சனி, பெண்பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ப் பாடும் நாள். வாசகசாலைக் கூடத்தில் ஊர்ப் பெண்பிள்ளைகள் பூமுடியும் காசுமாலையுமாக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்தாம்கா அவர்களைக் கொஞ்சம் மெதுவாகப் பாடச் சொன்னார். ஒருத்திகூடக் கேட்கவில்லை. அடுப்பின்மேல் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சா ஆறாமல் இருந்தது, பக்கத்தில் ஜாடியில் மோர். பெய்கொவ் கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்துவிட்டு, உட்காராமல் நின்றார்.

பதிவுக் கோப்பைச் சுவரில் பெரிதாகக் காட்டுவது என் வேலை. வெள்ளைச் சுவர், அதில் ஒரு வரியும் இல்லை. ஸ்தாம்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். யாரும் சொல்லித்தரக் கூடாது, அவரே நிரப்ப வேண்டும் என்பது பெய்கொவின் நிபந்தனை. வாசகசாலையின் பெயர். முகவரி. புதிய பயனர் ஒருவர். சுவர் வெள்ளையாகவே இருந்தது. ரஷ்கோ இரண்டாவது துண்டு பனிட்சாவை எடுத்துக்கொண்டார்.

தொலைநகல் எண் என்ற கட்டம் வந்தது. பெர்கொவோ வாசகசாலையில் தொலைநகல் கிடையாது. ஸ்தாம்கா கொஞ்சமும் யோசிக்காமல் ஒரு விரலால் ஒரு சிறு கோட்டைத் தட்டினார். அடுத்த கட்டத்துக்குப் போனார்.

அது எழுத்துக்கும் இடம் தருகிற கட்டம், அதனால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நான் தெமெனுகாவைப் பார்த்தேன். அவர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தின் கடைசியில் நாட்களின் கட்டம். எத்தனை நாள் பிரதிகளை வைத்திருக்க வேண்டும்? ஸ்தாம்கா வாய்க்குள் படித்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், அங்கேயும் ஒரு கோட்டைத் தட்டினார். சேமி.

சுவரில் ஒரு வரி ஏறியது. ஒன்றே ஒன்று. கொட்டை எழுத்தில், கூடமே படிக்கும்படி.

"எழுதிடுச்சே," என்றார் பெய்கொவ்.

பெண்பிள்ளைகள் அந்த நேரம் பார்த்துத்தான் பாட்டை நிறுத்தினார்கள். ரஷ்கோவின் வாயில் பனிட்சா அப்படியே நின்றது. தெமெனுகா நேராகச் செயலாளரிடம் போய்க் குனிந்தார்.

"ஸ்தாம்கா அக்கா, இங்க கோடு போட்டீங்களே, என்ன நினைச்சுப் போட்டீங்க?"

"என்ன நினைக்கறது? எனக்குத் தெரியல, அதான் போட்டேன். காலியா விடக் கூடாதுல்ல?"

"பழைய பிரதியெல்லாம் அழின்னு சொன்னீங்களா?"

"அடிப்போடி. மூணு குளிர்காலம் உட்கார்ந்து நூலக அட்டை பூரா ஒத்த விரலால தட்டியிருக்கேன். அதையா அழிக்கச் சொல்லுவேன்?"

தெமெனுகா நிமிர்ந்தார்.

"இஞ்சினியர் சார், இவங்களுக்குக் கோடுன்னா தெரியாதுன்னு அர்த்தம். மெஷினுக்குக் கோடுன்னா பூஜ்யம். பூஜ்யம்னா இருக்கறதையெல்லாம் அழின்னு அர்த்தம். இந்த வரி வரலைன்னா, சுவர் உங்களுக்குப் பிடிச்ச மாதிரி வெள்ளையா இருந்திருக்கும். நாளைக்குக் காலைல இவங்க பிரதி ஒண்ணு இருந்திருக்காது. மாவட்டம் பூரா எத்தனை பேர் இதே கோட்டைப் போடுவாங்க? நானே போடுவேன். வாயே திறக்காத மெஷின் வேணும்னா வேற இடத்துல கிடைக்கும். காரணம் இருந்தா மட்டும் பேசற மெஷின்தான் எங்ககிட்ட இருக்கு."

பெய்கொவ் சுவரைப் பார்த்தார், ஸ்தாம்காவின் திரையைப் பார்த்தார். மேலே போய்த் தொலைநகல் கட்டத்தைக் காட்டச் சொன்னார். அதிலிருந்த கோட்டையும் பார்த்தார். வாக்குவாதம் வரும் என்று நாங்கள் காத்திருந்தோம். ஸ்விலென் பற்களைக்கூடக் கடித்துத் தயாராக நின்றான். பெய்கொவின் காதுமடல் மட்டும் சிவந்தது. ஏற்புச் சான்றை எடுங்கள் என்றார்.

கையெழுத்துப் போட்டார். குறிப்புகள் என்ற கட்டம் காலியாக இருந்தது. அவருடைய பேனா அதன் கீழ் மூலைவரை போய் ஊன்றி, அங்கேயே நின்றது. பிறகு கட்டத்தின் நடுவுக்கு வந்து, தெளிவான எழுத்தில் 'இல்லை' என்று எழுதினார்.

எங்கள் பிரதியில் தெமெனுகா கையெழுத்துப் போட்டார். அதே கட்டம். என்ன நடக்கிறது என்று யாருக்கும் உறைக்கும் முன்பு அவர் கை குறுக்கே ஒரே இழுப்பு இழுத்துக் கொக்கியையும் போட்டு முடித்துவிட்டது. ஸ்தாம்காதான் முதலில் சிரித்தார். பிறகு தெமெனுகா, அடுப்பில் கை வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை.

திங்கள்கிழமை தெமெனுகாவின் பெயர்நாள் விருந்து. மலர் ஞாயிறு பூப்பெயர் வைத்திருக்கும் எல்லோருக்கும், பிறந்தநாள் போலக் கொண்டாடும் பெயர்நாள். அவருக்கு வயோலாப் பூவின் பெயர். ஒரு பெட்டி சாக்லேட்டைத் திறந்து வைத்துவிட்டு நேராகத் திரையின் முன் உட்கார்ந்தார். அந்த ஒரு வரி அன்று பதிவிலிருந்து பக்கத்துக்கு இடம் மாறியது. இப்போது அந்தக் கட்டத்தில் யாராவது கோடு போட்டால் கருவி கேட்கும்: கோடு போட்டிருக்கிறீர்கள், எதையும் அழிக்க வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளலாமா? ஆம் என்று அழுத்தினால் போதும். அந்த வாக்கியத்தைத் தொலைபேசியில் ஸ்தாம்காவிடம் படித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகுதான் ஏற்றினார். மற்ற வாசகசாலைகளில் ஏற்றிப் பார்த்தபோது பாதிக்கும் மேற்பட்ட செயலாளர்கள் அந்தக் கேள்விக்கு ஆம் என்று அழுத்தியிருந்தார்கள். தொலைபேசி நாற்காலியில் வேறு ஆள் போட்டோம். ஸ்விலென் காரின் எச்சரிக்கை விளக்கின் மேலிருந்த ஒட்டுவில்லையை எடுத்துவிட்டு எண்ணெய் மாற்றினான். அதற்குக் காரணம் தெமெனுகா இல்லை, வண்டித் தகுதி ஆய்வுக்கு நாள் நெருங்கிவிட்டது என்றான்.

பெய்கொவ் அன்று அவ்வளவு சீக்கிரம் கையெழுத்துப் போட்டதற்குத் தெமெனுகாவின் பேச்சுதான் காரணம் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கோடையில் பல் வைத்தியரைப் பார்க்க ருசேக்கு வந்த ஸ்தாம்கா, ஒரு ஜாடி செர்ரிப் பாகோடு எங்கள் மாடி ஏறினார். தெமெனுகா படகுத்துறைக்குப் போயிருந்தார், நான் மட்டும் இருந்தேன். காபி போட்டுக் கொடுத்தேன். பேச்சு எங்கோ போய் அந்தக் கோட்டுக்கு வந்தது. தாளில் கோடு போட்டாலும், முன்பெல்லாம் திரையில் கட்டங்களை அப்படியே காலியாகத்தான் விட்டதாகச் சொன்னார் ஸ்தாம்கா. கணினி வந்த புதிதில் மாவட்டத்துச் செயலாளர்கள் எல்லோரையும் ருசேக்குக் கூப்பிட்டு ஒரு வாரம் வகுப்பு நடத்தினார்களாம். திரையில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது, தெரியாவிட்டால் ஒரு கோடு போடுங்கள் என்று அங்கேதான் சொல்லிக்கொடுத்தார்களாம். கடைசி நாள் பரீட்சையில் கோடு போடாதவர்களுக்கு மதிப்பெண்ணும் குறைத்தார்களாம். வகுப்பு எடுத்தவர் இஞ்சினியர் பெய்கொவ்.